கொஞ்சம் நவுரு தாயே

காலை ஏழு மணிக்குப் பூங்காவனத்தின் இஸ்திரி வண்டி கிளம்பும். அதே நேரத்தில் எட்மண்ட் தன் வீட்டு வாசலில் இருக்கும் மாதா கெபியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். கெபி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றடி அகலத்தில் ஒரு மேடை, அதன்மேல் கல் பதித்த சின்னக் குகை, குகைக்குள் நீலப் போர்வை போர்த்திய மாதா சுரூபம். கெபிக்கு எதிரே எட்மண்டின் ஸ்கூட்டர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் இஸ்திரி வண்டியின் அகலத்தைவிட நாலு விரல்தான் கூடுதல்.

"கொஞ்சம் நவுரு தாயே" என்று மாதாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பூங்காவனம் வண்டியை ஒடித்துத் திருப்புவாள்.

"அவங்க ஏன் நகரணும்? உன் வண்டிய ஒழுங்கா தள்ளு" என்பார் எட்மண்ட்.

"உன் ஸ்கூட்டர நவுத்த சொன்னா உன்க்கு மூஞ்சி மாறுது அண்ணாத்தே. அதான் மேலிடத்துல கேட்டுகினு கீறேன்."

எட்மண்ட் முணுமுணுத்தபடி ஸ்கூட்டரை ஒரு அடி தள்ளி வைப்பார். வண்டி பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்து அடுக்குமாடிகளை நோக்கிப் போகும். இது ஏறக்குறைய தினமும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அன்று வண்டி வராது, எட்மண்ட் பூசைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் வரும். அதற்கு அவள் காசு வாங்குவதில்லை.

எட்மண்டுக்கு அறுபத்தொரு வயது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனை தெருவில் நாற்பது அடி அகலம், உள்ளே தொண்ணூறு அடி நீளம். முன்பாதியில் வீடு. பின்பாதியில் ஒரு முருங்கை மரமும் துணி காயப்போடும் கம்பியும்தான். வீட்டின் மேற்குப் பக்கமாகத் தெருவிலிருந்து பின்னால் வரை ஒரு பாதை போகிறது; கெபி நிற்பது அதன் முகப்பில்தான். அந்தப் பாதையின் கோடியில், பக்கத்து மனையின் தகர வேலியில் ஒரு தகரக் கேட் இருக்கும். அதுதான் பூங்காவனத்தின் வாசல்.

நம் ஊரில் மனை வாங்குகிறவர்கள் வாஸ்து பார்ப்பார்கள், தண்ணீர் பார்ப்பார்கள், மாடி கட்டலாமா என்று கேட்பார்கள். போகிற வழி எது என்பதை மட்டும் வாங்கின பிறகுதான் பார்ப்பார்கள். பூங்காவனத்தின் கணவரும் அப்படித்தான். கொத்தனார். சேர்த்து வைத்த காசுக்கு ஒரு மூலைத் துண்டை வாங்கிவிட்டு வந்து பார்த்தால், பின்னால் குடோன் சுவர், மற்ற இரண்டு பக்கமும் அடுத்தவர்கள் வீட்டு முதுகு. நாலாவது பக்கம் எட்மண்டின் மனை. அன்றைக்கு எட்மண்ட்தான் சொன்னார்: "நம்ம வழியா போய்க்கோங்க. நடக்கறதுக்கு வாடகையா கேக்கப்போறேன்?" இது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் எட்மண்டின் மகள் ஸ்வீட்லினுக்கு டைபாய்டு வந்து, பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. பிழைத்தாள். வேண்டுதலை நிறைவேற்ற எட்மண்ட் கெபி கட்டினார். கட்டியது கொத்தனார்தான், கூலி வாங்காமல். அவர் தவறிப்போய் ஆறு வருடம் ஆகிறது. ஸ்வீட்லின் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் மனைவிக்கென்று வாங்கித் தந்த இஸ்திரி வண்டியை நம்பித்தான் பூங்காவனம் தனியாகக் காலம் தள்ளுகிறாள்.

அந்த ஸ்வீட்லினுக்கு இப்போது முப்பத்தொரு வயது, கணவன், இரண்டு பிள்ளைகள். அம்பத்தூரில் வாடகை வீடு. ஐந்து வருடத்தில் மூன்றாவது வீடு. அதையும் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். "டாடி, இனிமே பெட்டி கட்ட எனக்குத் தெம்பு இல்ல" என்று அவள் போனில் அழுதபோது எட்மண்டின் மனம் ஆறவில்லை. பின்பாதி மனையை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்து வீடு கட்டச் சொல்லலாம் என்று முடிவு செய்தார். வங்கியில் கேட்டால், மனையை முறையாகப் பிரித்து உள்ளாட்சி அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்கினால்தான் கடன் என்றார்கள்.

பிளான் போடும் தமிழ்வாணன் டேப்போடு வந்தான். கெட்டிக்காரன். பேச்சிலேயே பாதி வீட்டைக் கட்டிவிடுவான்.

"சார், பின்மனைக்குப் போற பாதைதான் மேட்டர். அந்த வழியா ஒரே ஒரு ஊடு போச்சுன்னா ஒம்பது அடி போதும். ரெண்டு ஊடு போச்சுன்னா பன்னெண்டு அடி காட்டணும். உங்க பாதை பன்னெண்டு அடிதான். ஆனா கெபி மூணடிய முழுங்கிடுச்சு. மிச்சம் ஒம்பது."

"ஒரு ஊடுதானே? ஸ்வீட்லின் ஊடு."

தமிழ்வாணன் தகரக் கேட்டைப் பார்த்தான். "அது யாரு சார்?"

எட்மண்ட் சொன்னார். தமிழ்வாணன் டேப்பைச் சுருட்டினான்.

"அப்போ ரெண்டு வழிதான். கெபிய எடுத்து வேற எடத்துல வைங்க. இல்லன்னா அந்தக் கேட் இல்லன்னு காட்டணும்."

"மாதாவ நகர்த்தறதா?" எட்மண்டின் குரல் உயர்ந்துவிட்டது. "சர்ச்சுலேர்ந்து பங்குச்சாமி வந்து மந்திரிச்சு வெச்சது தம்பி. எம்பொண்ணு உசுருக்கு வேண்டிக்கிட்டுக் கட்டினது. அது மேல கைய வெக்க மாட்டேன்."

"சரி சார், கோச்சுக்காதீங்க. அப்போ மேற்கால கட்டப்போற காம்பவுண்ட் சுவருன்னு வரைஞ்சுடறேன். இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு அந்தக் கேட்ட ஒரு ஷீட் வெச்சு மறைச்சுடலாம். அப்ரூவல் வந்த கையோட ஆறடிச் சுவர எழுப்பிடணும். இல்லன்னா நாளைக்கு யாராச்சும் பெட்டிஷன் போட்டு கேன்சல் பண்ணிடுவாங்க."

"அந்தம்மா எப்படிப் போவாங்க?"

"குடோன்காரன கேக்கட்டும் சார். உங்க பத்திரத்துல அவங்களுக்கு வழி இருக்கா? இல்ல. அவங்க பத்திரத்துல இருக்கா? அதுவும் இல்ல. இல்லாத வழியத்தான் சார் மூடறோம்."

எட்மண்ட் கெட்டவர் இல்லை. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நாற்காலி தூக்கிப் போடுகிறவர். ஆனால் நல்லவர்கள் ஒரு தப்பு செய்யப் புறப்படும்போது கையில் ஒரு 'தானே'யை வைத்துக்கொள்வார்கள். பேப்பரில்தானே. எல்லாரும் செய்கிறதுதானே. என் சொந்த மனைதானே. பெற்ற பெண்ணுக்குத்தானே. எட்மண்ட் அந்த நாலையும் சொல்லிக்கொண்டார். மனைவி ஜெயசீலியிடம் "பிளான் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார். ஏனென்றால் அவளிடம் எந்தத் 'தானே'யும் எடுபடாது என்பது அவருக்கு முப்பத்தைந்து வருட அனுபவம்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அன்று சாயங்காலம் பூங்காவனம் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது எட்மண்ட் கெபிப் பக்கம் நின்றார். சொல்ல வேண்டியதை நாலு தரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"பூங்காவனம், நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து எடம் பாக்க வர்றாங்க. ஸ்வீட்லின் ஊட்டுக்கு."

"அய்ய, நல்ல சமாச்சாரம் சொல்லிகினு ஏன் இப்டி நிக்கிற? பாப்பா இங்கியே வந்துருமா?"

"வந்துடும். ஆனா ஒரு ஒத்தாசை. அவங்க வர்ற நேரத்துல உன் கேட் தெரியக் கூடாதாம். ஒரு ஷீட் வெச்சுக் கட்டிடறேன். நீ உள்ள இரு. ஒரு மணி நேரம்."

"இதுக்கா இவ்ளோ யோசன? ஒரு மணி நேரம் இன்னா அண்ணாத்தே, ஒரு நாள் பூரா மூடிகினு கீறேன். அந்தப் பொண்ணு எங்க ஊட்ல தின்னு வளந்தது."

ஏன் என்று அவள் கேட்பாள் என எட்மண்ட் எதிர்பார்த்திருந்தார். அதற்கு ஒரு பொய்யும் தயாராக இருந்தது. அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே எட்மண்ட் ஒரு நீளமான தகர ஷீட்டைக் கேட்டின் குறுக்கே நிறுத்தினார். பூங்காவனம் கணவருடைய பழைய பெட்டியிலிருந்து கட்டுக்கம்பியும் குறடும் எடுத்துக் கொடுத்தாள். அவர் முதல் கம்பியை முறுக்கும்போது, "இரு இரு" என்று தடுத்து வெளியே ஓடி வந்தாள். மழை பெய்து ஊறிய மண்ணில் இஸ்திரி வண்டியின் சக்கரத் தடம் கேட்டிலிருந்து தெரு வரைக்கும் இரண்டு கோடாகக் கிடந்தது.

"இத்த பாத்தா கண்டுபுட்சிட மாட்டாங்க? நல்லா ஆபீஸர ஏமாத்தற நீ" என்று சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்து வந்து, பாதை முழுக்கக் குனிந்து தன் வண்டித் தடத்தைத் தானே பெருக்கி அழித்தாள். மேலே ரெண்டு முறம் கரிச்சாம்பலையும் தூவினாள். பிறகு உள்ளே போய், "உம், கட்டிக்கோ" என்றாள். எட்மண்ட் நாலு இடத்தில் கம்பியை முறுக்கினார். கம்பியின் முடிச்சு எல்லாம் அவர் பக்கம் இருந்தது.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி பன்னிரண்டரைக்கு வந்தார். பெயர் மோகனப்பிரியா. முப்பது வயதுக்குள் இருக்கும். செருப்பெல்லாம் சேறு, தோளில் ஒரு பை, கையில் ஃபைல். திருவேற்காடு பக்கம் ஒரு மனையில் முழங்கால் தண்ணீரில் நின்று அளந்துவிட்டு வந்ததாகவும், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். அரசாங்க ஆள் மன்னிப்புக் கேட்டதில் தமிழ்வாணனே கொஞ்சம் நிலைகுலைந்து போனான்.

மழை விட்ட வெயிலுக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. பாதையில் நின்றவர்களுக்கே வியர்த்துக் கொட்டியது. மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் தகரமுமாக அடைபட்டு மூன்றரை மணி நேரமாக உள்ளே இருக்கும் பூங்காவனத்தை நினைத்து எட்மண்ட் ஒரு தரம் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு இன்றைய பிழைப்பும் போச்சு. அடுக்குமாடிக்காரர்களிடம் 'நாளைக்கு' என்று சொல்லியிருப்பாள்.

மோகனப்பிரியா டேப்பைப் பிடித்து அளந்தார். பின்மனையைப் பார்த்தார். தகர வேலியைப் பார்த்தார். பிளானில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் நடந்து வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எல்லாம் பிளான்ல இருக்கற மாதிரிதான் இருக்கு சார். இது உறுதிமொழிக் கடிதம். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

எட்மண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'மேற்படி பாதையைப் பின்மனைதாரரைத் தவிர வேறு எவரும் பயன்படுத்தவில்லை என இதன்மூலம் உறுதி அளிக்கிறேன்.' தாளை வைத்து எழுத மட்டமான இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது. கெபியின் மேடை. அதன்மேல் தாளை விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். எல்லாரும் பேசாமல் நின்றார்கள்.

அந்த அமைதியைப் பூங்காவனம் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"அண்ணாத்தே! போய்ட்டாங்களா? தொறக்கலாமா?" என்று வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

தமிழ்வாணன் இருமினான். மோகனப்பிரியா திரும்பினார்.

"யாரு சார் அது?"

தமிழ்வாணன் முந்திக்கொண்டான். "பக்கத்து ஊட்டம்மா மேடம். அது தனி மனை. அவங்களுக்கு வழி அந்தப் பக்கம்."

மோகனப்பிரியா பாதையில் நடந்து போய்த் தகர ஷீட்டின் முன் நின்றார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

"அம்மா, நான் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன். நீங்க வெளிய போறதுக்கு வழி எது?"

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்மண்டுக்குத் தெரிந்துவிட்டது. அவசரப்பட்டுக் கத்தி விட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு குரல் வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லும்போது வருகிற சத்தமான குரல்.

"எனுக்கு அந்தாண்ட வழி கீது மேடம்! நான் இப்டிக்கா வர்றதே கெடையாது. நீங்க எங்க பாப்பாக்கு கையெத்து போட்டு குடுத்துடுங்க மேடம். ரெண்டு கொயந்தைய வெச்சிகினு ஊடு ஊடா மாறிகினு கீது."

அந்தாண்ட இருப்பது ஒன்பதடி உயர குடோன் சுவர். மேலே உடைந்த கண்ணாடி பதித்தது. எட்மண்ட் அந்தச் சுவரை இருபத்தாறு வருடமாகப் பார்த்திருக்கிறார். என் மகளுக்கு ஒரு வாசல் கிடைக்க வேண்டும் என்று, தன் வாசலை இல்லை என்று சொல்கிறாள் இந்தப் பெண். அந்த வாசலை மூட வந்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த நினைப்பு வந்ததும் அவர் ஷீட்டின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தாண்ட வழி இல்ல மேடம்" என்றார். "இதுதான் அவங்க வாசல். நான்தான் கட்டி மூடினேன்."

"சார்..." என்று தமிழ்வாணன் கையைப் பிடித்தான். எட்மண்ட் கையை உதறிவிட்டுக் குறடை எடுத்தார். நாலு முடிச்சையும் அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் ஃபிட்டர் வேலை பார்த்த கை, நன்றாகத்தான் முறுக்கியிருந்தது. ஷீட் விழுந்தது. கேட் திறந்தது. பூங்காவனம் தலையிலிருந்து கால் வரை வியர்வையில் நனைந்துபோய் நின்றாள். அவளுக்குப் பின்னால் துணி மூட்டையோடு இஸ்திரி வண்டி நின்றது.

"ஏன் அண்ணாத்தே தொறந்த? நான்தான் கரீக்டா சொன்னேனே" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு லூஸு. அவசரப்பட்டு கத்திட்டேன். பாப்பா காரியம் கெட்டுப்போச்சா? மன்ச்சிக்கோ அண்ணாத்தே" என்றாள்.

"நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்காதம்மா." எட்மண்ட் குறடைக் கீழே வைத்தார். "ஒரு மணி நேரத்துக்குன்னு சொன்னது பொய். பிளான்ல உன் கேட்டே இல்ல. சுவருன்னு போட்டிருக்கேன். அப்ரூவல் வந்ததும் கட்டறதா இருந்தேன்."

பூங்காவனம் கோபப்படவில்லை. மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"அப்போ வண்டி?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

அதிகாரிக்கென்று மோர் கொண்டு வந்த ஜெயசீலி பாதி வழியில் நின்று இவ்வளவையும் கேட்டுவிட்டிருந்தாள். மோர் டம்ளரைக் கொண்டுபோய்ப் பூங்காவனத்தின் கையில் கொடுத்தாள். "குடி மொதல்ல" என்றாள். கணவரை அவள் பார்க்கவே இல்லை.

மோகனப்பிரியா கெபி மேடைக்குத் திரும்பி வந்து, கையெழுத்தில்லாமல் கிடந்த தாளை எடுத்து மடித்தார்.

"சார், நீங்க இதுல கையெழுத்துப் போட்டிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். போடல. இந்தப் பிளான் செல்லாதுன்னு எழுதித் திருப்பி அனுப்பறேன். இந்தம்மாவோட கேட்டையும் காட்டி, பாதை பன்னெண்டு அடி காட்டிப் புதுசா போடுங்க. நானே வந்து பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ஆபீஸ்ல எங்க டேபிளுக்கு வர்றது கோடுங்க மட்டும்தான் சார். அந்தக் கோட்டுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."

"பன்னெண்டு அடி வேணும்னா கெபிய எடுக்கணும் மேடம்" என்றார் எட்மண்ட். கேள்வியாகத்தான் சொன்னார். ஆனால் கண் மனைவியைப் பார்த்தது.

"எடுங்க" என்றாள் ஜெயசீலி.

"வேண்டுதல் ஜெயா..."

"மாதா இயேசுவ வயித்துல சுமந்து நெறமாசமா எடம் கேட்டு வாசல் வாசலா நின்னவங்க. எல்லாரும் கதவச் சாத்தினாங்க. அந்த வேதனை அவங்களவிட யாருக்குத் தெரியும்? அவங்களக் காரணம் காட்டி நீங்க இன்னொருத்தி கதவச் சாத்துவீங்க, அவங்க பாத்துக்கிட்டு நிப்பாங்களா? மூணடி தள்ளி வெச்சா அவங்க ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க."

"அவுரு கட்டினது அக்கா அந்த மேட" என்றாள் பூங்காவனம் மெதுவாக. டம்ளர் இன்னும் கையில் இருந்தது. "இடிக்க வாணாமே."

"இடிக்கல. ஒவ்வொரு கல்லா பேத்து எடுத்து, அதே கல்லுல கட்டறோம். எங்க எந்தக் கல்லுன்னு நீதான் சொல்லணும்."

அன்று சாயங்காலம் எட்மண்ட் மகளுக்குப் போன் செய்தார். அங்கீகாரம் இப்போதைக்கு வராது, தை முடிந்துவிடும் என்று சொன்னார். ஏன் என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஸ்வீட்லின் அழுவாளோ என்று பயந்தார்.

"டாடி, பூங்காவனம் அக்கா என் யூனிஃபார்ம அயர்ன் பண்ணி, சூடு ஆறாம எடுத்துட்டு ஓடி வருவாங்க. ஞாபகம் இருக்கா?" என்றாள். "அவங்க வழிய அடைச்சுக் கட்டின ஊட்ல நான் எப்படி டாடி குடியிருப்பேன்? பொங்கலுக்கு நாங்க அங்கேயே வந்துடறோம். ரெண்டு ரூம்ல ஆறு பேரு. சமாளிச்சுக்கலாம்."

எட்மண்டுக்கு நெஞ்சு லேசானது. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். மகளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியாது.

"ரெண்டு மாசமா மனைக்கு அங்கீகாரம் அங்கீகாரம்னு அலைஞ்சேம்மா. பக்கத்துல ஒருத்தி இருக்கான்னு நான் அங்கீகரிக்கல. அத மொதல்ல செஞ்சிருக்கணும். நம்ம ஊடு வரணுங்கறதுக்காக இன்னொருத்தர பேப்பர்லேர்ந்து அழிச்சுட்டா, ஆபீஸ்காரங்க சீல் குத்தினாலும் அது தப்புதான்."

தமிழ்வாணன் புது பிளான் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் கொடுத்தான். எட்மண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேற்கு எல்லையைத் தேடினார். ஒரு சின்னக் கீறலாகக் கேட் இருந்தது. "இது யாருக்குத் தெரியும்? பூங்காவனம் வாசல்னு பேரு போட்டு எழுது" என்றார். பிளானில் அப்படியெல்லாம் எழுதும் வழக்கம் இல்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். எட்மண்ட் விடவில்லை. அதோடு நிற்காமல், அந்தப் பாதையில் அவளுக்கும் அவளுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் நடக்கவும் வண்டி ஓட்டவும் உரிமை உண்டு என்று பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு வாயால் சொன்னதை இப்போது முத்திரைத் தாளில் சொன்னார்.

கெபியைப் பிரித்துக் கட்ட நாலு நாள் ஆனது. பூங்காவனம் பக்கத்தில் நின்று, "அந்த வெள்ள கல்லு அடியில வர்து, அவுரு அப்டித்தான் வெச்சாரு" என்று கொத்தனாரை ஒரு வழி ஆக்கிவிட்டாள். வீட்டுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தாற்போல மாதா குடியேறினார். பங்குச்சாமி வந்து ஒரு செபம் சொல்லி மந்திரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணி. எட்மண்ட் ஈரத் துணியோடு புது இடத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். தகரக் கேட் திறந்தது. இஸ்திரி வண்டி வந்தது. பழைய பழக்கத்தில் பூங்காவனம் அந்த இடத்துக்கு வந்ததும் வண்டியை ஒடித்து, "கொஞ்சம் நவுரு..." என்று தொடங்கிவிட்டு அப்படியே நின்றாள். பாதை பன்னிரண்டு அடியும் காலியாகக் கிடந்தது. ஸ்கூட்டரைக்கூடக் காணோம்.

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி மாதாவைப் பார்த்தாள்.

"இன்னா தாயே, இத்தினி வருசமா கேட்டுகினு கீறேன், இப்பத்தான் நவுரணும்னு தோணிச்சா?"

எட்மண்ட் துணியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவங்கள சொல்லாத பூங்காவனம். அவங்க அன்னிக்கே நகர்ந்திருப்பாங்க. நகராம நின்னது நான்தான்."